ஏழாவது ஃபாரத்தில் ஒரு பிழை

ஜூன் 3

அன்புள்ள உனக்கு,

முதலில் அசிங்கத்தைச் சொல்லிவிடுகிறேன், பிறகு எழுதுவது சுலபமாக இருக்கும். நேற்று மதியம் உன் பைண்டிங் கடையில், காகிதக் கட்டுகளுக்குப் பின்னால், முக்கால் மணி நேரம் குந்தியிருந்தது நான்தான். வயது நாற்பத்தெட்டு. இரண்டு முழங்காலிலும் வலி. வாராவாரம் பத்திரிகையில் எழுதி ஊரையே சிரிக்கவைக்கிறவள் என்று பெயர். அப்பேர்ப்பட்டவள், தும்மல் வராமல் மூக்கைப் பிடித்துக்கொண்டு, ஓர் எலிப்பொறிக்குப் பக்கத்தில், எலியைவிடக் கேவலமாக உட்கார்ந்திருந்தேன்.

நடந்தது இதுதான். அச்சகக்காரர் போன் பண்ணினார். "மேடம், உங்க புத்தகம் பைண்டிங்ல நின்னுபோச்சு. எல்லா ஃபாரமும் மடிச்சாச்சு. ஏழாவது ஃபாரத்தை மட்டும் கடைக்கார அம்மா பீரோவுல வெச்சுப் பூட்டிட்டாங்க. ஏன்னு கேட்டா பதில் இல்ல. பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை விழா. நீங்களே போய் நாலு ஜோக் சொல்லி வாங்கிட்டு வந்துடுங்க."

ஒரு ஃபாரத்துக்குப் பதினாறு பக்கம் என்பது தெரியும். ஏழாவது ஃபாரம் என்றால் எந்தப் பதினாறு பக்கம் என்று யோசிக்கத் தெரியவில்லை. சொல்லவேண்டிய ஜோக்கை மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி உள்ளே வந்தேன். நீ தையல் மேசையில் குனிந்து ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தாய். மூக்கு நுனியில் கண்ணாடி. நூலை நாக்கில் ஈரப்படுத்தியபோது இடது கண்ணை மட்டும் மூடினாய்.

முப்பத்தேழு வருஷம் ஆச்சு. இருந்தாலும் அந்த ஒற்றைக் கண்ணை எனக்குத் தெரியாதா? ஆறாம் வகுப்பில் கணக்கு வராதபோதும் அப்படித்தான் மூடுவாய். அந்த நிமிஷம்தான் ஏழாவது ஃபாரத்தில் நான் என்ன எழுதியிருக்கிறேன் என்பது உறைத்தது. கால் தானாகக் கட்டுகளுக்குப் பின்னால் போய்விட்டது.

நீ சாப்பிடப் போன நேரம் பார்த்து நழுவினேன். அதிலும் கௌரவம் இல்லை. ஒட்டுவதற்காகப் பசை தடவி வைத்திருந்த அட்டைகளில் சாய்ந்திருக்கிறேன் போல. பஸ்ஸில் பின்சீட்டுக்காரி தோளைத் தட்டி, "உங்க முதுகுல யாரோ ஒரு பொம்பளை சிரிக்கிறா" என்றாள். என் புத்தக அட்டை. என் படம். அத்தனை தூரமும் என் முதுகில் நானே பல்லைக் காட்டிக்கொண்டு வந்திருக்கிறேன்.

இதை அச்சகக்காரரின் புரூஃப் பையிலேயே போட்டு அனுப்புகிறேன். போனில் பேசலாம்தான், ஆனால் போனில் எனக்கு வாய் முந்திக்கொள்ளும். அது உனக்குத் தெரிந்த கதைதானே. திட்டுவதானாலும் திட்டு, ஆனால் எழுதித் திட்டு.

உன் பழைய பெஞ்ச்காரி,
வாயாடி

&nbsp;

ஜூன் 5

மதிப்பிற்குரிய எழுத்தாளர் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது.

தாங்கள் ஒளிந்திருந்தது கடையில் எல்லாருக்கும் தெரியும். கட்டுக்கு அடியில் செருப்பு தெரிந்தது. தையல் போடும் பெண்கள் எட்டிப் பார்க்கப் போனார்கள். "விடுங்க, அவங்களா எழுந்து வரட்டும்" என்றேன். மூட்டுவலி இருப்பது தெரியாது. தினமும் ஒன்றரைக்குச் சாப்பிடுகிறவள் அன்று பன்னிரண்டரைக்கே எழுந்து போனது பசியால் இல்லை.

அட்டை ஒன்று குறைகிறது. முதுகில் போனதைத் திருப்பி அனுப்பவும். அட்டை எண்ணித்தான் வந்திருக்கிறது.

இனி வேலை விஷயம். ஃபாரத்தை நான் கோபத்தில் பூட்டவில்லை. தப்பு இருக்கும் ஃபாரத்தை எங்கள் கடையில் தைப்பதில்லை. மடிக்கும்போது பக்க எண்ணைப் பார்ப்பதோடு என் வேலை முடிந்தது, படிப்பது வழக்கமில்லை. ஆனால் 103ஆம் பக்கத்தில் பெரிய எழுத்தில் "பசை" என்று தலைப்பு இருந்தால் எந்தப் பைண்டிங்காரியும் ஒரு நிமிஷம் நிற்பாள்.

ஆறாம் வகுப்பில் பைண்டிங்காரர் மகள் ஒருத்தி இருந்தாள் என்றும், யாரோ ஒருத்தி அவளுக்குப் பசை என்று பெயர் வைத்தாள் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அவளைத் தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று எல்லாரும் ஓடினார்கள், தப்பித் தவறித் தொட்டவள் அடுத்தவள் முதுகில் கையைத் துடைத்தாள், மூன்று பேர் பெஞ்சில் அவள் ராணி மாதிரி தனியாக உட்கார்ந்தாள். எல்லாம் சரி. அந்த "ராணி மாதிரி" மட்டும் எனக்கு ஞாபகம் இல்லை.

பிறகு அந்தப் பெண் வகுப்போடு சமாதானம் ஆக ஆசைப்பட்டு, தன் கையாலேயே முப்பத்தொரு குட்டி நோட்டு தைத்து ஆளுக்கொன்று கொடுத்தாள், முப்பத்தொன்றும் இரண்டு விரலால் தூக்கப்பட்டு டீச்சர் மேசைக்குப் போய், சாயங்காலம் அவளிடமே திரும்பி வந்தன என்றும் எழுதியிருக்கிறீர்கள். படிக்கிறவர்கள் சிரிப்பார்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள்.

ஆனால் கணக்கு தப்பு. திரும்பி வந்தவை முப்பது. மூன்று தரம் எண்ணினேன்.

அதைத் திருத்தினால் தைத்துத் தருகிறோம்.

இப்படிக்கு,
பைண்டிங் கடை

&nbsp;

ஜூன் 6

அடியே,

"தாங்கள்" என்கிறாய். என் மாமியார்கூட என்னை இவ்வளவு மரியாதையாக அடித்ததில்லை.

முப்பதா, முப்பத்தொன்றா என்பதா இப்போது முக்கியம்? அதைவிடப் பெரிய பொய் அந்தக் கட்டுரையில் இருக்கிறது. "யாரோ ஒருத்தி பெயர் வைத்தாள்." யாரோ ஒருத்தியாம்! எவ்வளவு நாசூக்காக நழுவியிருக்கிறேன் பார். அந்த யாரோ நான்தான்.

மூன்றாம் வகுப்பிலிருந்து நாம் ஒரே பெஞ்ச். நடுவில் உன் பென்சில் டப்பா, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. பின்பெஞ்சில் லீடர் கூட்டம். லீடர் சிரித்தால் வகுப்பே சிரிக்கும், லீடர் முகத்தைத் திருப்பினால் மின்விசிறிகூட அந்தப் பக்கம்தான் சுற்றும். அந்தச் சிரிப்புக்குள் போய் உட்கார எனக்கு அப்படி ஓர் ஏக்கம். கொண்டுபோய்க் கொடுக்க என்னிடம் என்ன இருந்தது? வாய்தான்.

ஒருநாள் குழாயடியில் லீடர் கேட்டாள், "உன் ஃப்ரெண்டு ஏன்டி எப்பப் பாரு உன்னையே ஒட்டிக்கிட்டிருக்கா?"

"அவ பசைடி! அவங்கப்பா கடையில காய்ச்சினது!"

சிரித்தார்கள். ஒருத்திக்கு வாயில் இருந்த தண்ணீர் மூக்கு வழியாக வந்தது. என் வாழ்க்கையில் நான் வாங்கிய முதல் சிரிப்பு. அதற்கப்புறம் எத்தனையோ மண்டபத்தில் மைக் பிடித்து நின்றுவிட்டேன், ஒன்றும் அந்த ருசிக்கு வரவில்லை. சொல்லவே கூசுகிறது. ஆனால் தொழில்காரியாகச் சொல்கிறேன், நல்ல ஜோக் அது. உன் அப்பா தொழிலும் உன் குணமும் ஒரே சொல்லில் வந்துவிட்டன. பதினொரு வயசில் யாருக்கு வரும்? பார், பாவத்தை ஒப்புக்கொள்ள உட்கார்ந்துவிட்டு கைதட்டலுக்குக் காத்திருக்கிறேன்.

அன்று மதியமே லீடர் தன் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டாள். நான் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். நீ, "ஸ்கேலை விட்டுட்டுப் போறியே" என்று எடுத்து நீட்டினாய். நான் வாங்கவில்லை. "ஐயோ, ஒட்டிக்கும்!" என்று கையை உதறினேன். அது இரண்டாவது சிரிப்பு.

அந்த இடமாவது நிலைத்ததா? ஒரு பருவம்கூட முழுசாக இல்லை. லீடர் அப்பாவுக்கு மாற்றல் வந்தது, கூட்டம் கலைந்தது. திரும்பி வர நம் பெஞ்ச் அங்கேயேதான் இருந்தது, நீயும் ஓரமாகத்தான் உட்கார்ந்திருந்தாய். எனக்குத்தான் முகம் இல்லை. நாளைக்குப் போகலாம், நாளைக்குப் போகலாம் என்று இருந்தேன். லீவு முடிந்து வந்தால் நீ வேறு பள்ளிக்கூடம் போய்விட்டாய்.

இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும் பக்கத்து நாற்காலியில் என் கைப்பையை வைத்துவிடுகிறேன். "யார் வர்றாங்க மேடம்?" என்று கேட்பார்கள். பையை மட்டும் நகர்த்தமாட்டேன்.

அந்த ஃபாரத்தை எரித்துவிடு. பதினாறு பக்கம் குறைந்தால் வாசகர்கள் உனக்கு நன்றிக் கடிதம் எழுதுவார்கள்.

வாயாடி

&nbsp;

ஜூன் 8

அம்மா அவர்களுக்கு,

ஃபாரத்தை எரிக்க முடியாது. ஏழாவதை எடுத்தால் 96ஆம் பக்கத்துக்கு அடுத்து 113 வரும். ஒரு பள்ளத்தை மறைக்க இன்னொரு பள்ளம் வெட்டுகிற வேலை இங்கே இல்லை.

பெயரைப் பரப்பியது தாங்கள்தான் என்பது எனக்கு அன்றைக்கே தெரியும். எப்படித் தெரியும் என்று கேட்க வேண்டாம்.

முப்பதா, முப்பத்தொன்றா என்பது முக்கியமா என்று கேட்டீர்கள். அதற்குப் பதில் சொல்கிறேன்.

அந்த நோட்டுகளை இரண்டு வாரம் உட்கார்ந்து தைத்தேன். வெட்டி மீந்த தாள்தான், ஆனால் மேலட்டைக்கு அப்பா பெரிய ஆர்டருக்காக வைத்திருந்த நீலப் பூத்தாளைக் கொடுத்தார். "யாருக்கும்மா இத்தனை?" என்றார். "என் ஃப்ரெண்டுங்களுக்கு" என்றேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம்.

வகுப்பில் அவை மேசைக்குத் திரும்பிக்கொண்டிருந்தபோது நான் தலையைத் தூக்கவில்லை. சத்தம்தான் கேட்டது. தொப், தொப் என்று. சாயங்காலம் டீச்சர் கட்டித் தந்ததைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது, இனிமேல் பள்ளிக்கூடம் இல்லை என்று முடிவே பண்ணிவிட்டேன். வீட்டில் என்ன சொல்வது என்பதுதான் தெரியவில்லை. நேரம் போக்க, வழியில் ஒரு மூடிய கடைப் படியில் உட்கார்ந்து எண்ணினேன். முப்பது. திரும்ப எண்ணினேன். அதே முப்பது.

அப்படியென்றால் ஒருத்தி வைத்துக்கொண்டிருக்கிறாள்.

மறுநாள் அந்த ஒருத்திக்காகத்தான் போனேன். வருஷம் முடிகிறவரை போனேன். தினமும் ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன், இவளா, இவளா என்று. யாருக்கும் தெரியாத விளையாட்டு அது, யாரும் என்னைச் சேர்க்காமல் இருக்க முடியாத விளையாட்டு. கடைசியில் முன்பெஞ்ச் ரெட்டைப் பின்னல்தான் என்று எனக்குள் முடிவு பண்ணினேன். ஒருதரம் என் ரப்பர் உருண்டு போனபோது காலால் தள்ளாமல் கையால் எடுத்துக் கொடுத்தவள் அவள். பெயர்கூட மறந்துவிட்டது. ஆனால் இப்போதும் நல்ல தாள் மீந்தால் ஒரு குட்டி நோட்டு தைத்து அவளுக்கென்று எடுத்து வைக்கிறேன். எல்லாம் பீரோவில் இருக்கின்றன. தங்கள் ஃபாரமும் அவற்றோடுதான் இருக்கிறது.

தாங்கள் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தவர். யார் வைத்துக்கொண்டாள் என்று தெரிந்திருக்கலாம். தெரிந்தால் எழுதவும். மன்னிப்பு முதலானவை வேண்டாம்.

அட்டை இன்னும் வரவில்லை.

பைண்டிங் கடை

&nbsp;

ஜூன் 14

என் பெஞ்ச்காரிக்கு,

ஆறு நாள் ஆகிவிட்டது. அச்சகக்காரர் மூன்று தரம் வந்து வெறும் பையோடு திரும்பினார். "லெட்டர்தானே மேடம்? நாவல் இல்லையே?" என்று கேட்டார். அவர் தலையில் மிச்சம் இருக்கும் பத்து முடியும் இந்தப் புத்தகத்தால் போய்விடும்.

நான் சும்மா இருக்கவில்லை. ஒரு பொய்க் கடிதம் எழுதினேன். ரெட்டைப் பின்னல்தான் எடுத்தாள், தலையணைக்கு அடியில் வைத்திருந்தாள், கல்யாணமாகி வெளியூர் போகும்போதும் எடுத்துப் போனாள் என்று மூன்று பக்கம். அபாரமாக வந்திருந்தது. என் வீட்டுக்காரரிடம் படித்துக் காட்டினேன், என் ஜோக்குக்கு இதுவரை சிரித்தே இராத அந்த மனுஷன் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அப்போதுதான் பயம் வந்தது. கிழித்துப் போட்டேன்.

அது நான்தான்.

எல்லாரும் பார்க்க இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போய், மூக்கைச் சுளித்து, மேசையில் போட்டவளும் நான்தான். பிறகு அந்தக் கட்டை ஆசிரியர் அறைக்குக் கொண்டுபோகச் சொல்லி டீச்சர் என்னிடம்தான் கொடுத்தார். படிக்கட்டுத் திருப்பத்தில் யாரும் இல்லை. நீல அட்டை. முதுகில் வெள்ளைத் தையல், ஒன்றுபோல் ஒன்று. ஒன்றை உருவிச் சீருடை இடுப்புக்குள் செருகிக்கொண்டேன். மீதி நாள் முழுக்க அது என் வயிற்றோடு ஒட்டிக்கொண்டிருந்தது. லீடர் பக்கத்தில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டே கையால் அதைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

நல்ல மனசால் எடுத்தேன் என்று நினைத்துவிடாதே. உன்னுடையது ஒன்று என்னிடம் இருக்கவேண்டும் போல இருந்தது, அவ்வளவுதான். அதில் என்ன எழுதினேன் தெரியுமா? லீடர் கூட்டத்துக்குச் சொல்வதற்கு ஜோக்குகள். சிரித்ததற்கு டிக், சிரிக்காததற்குப் பெருக்கல் குறி. முப்பத்தேழு வருஷத்தில் ஒன்பது வீடு மாறியிருக்கிறேன். கல்யாண ஆல்பம் தொலைந்தது, இது தொலையவில்லை. ஒரு தையல்கூட விடவில்லை. பையில் வைத்திருக்கிறேன், பார்த்துக்கொள்.

முப்பத்தேழு வருஷமாக நீ நோட்டு தைத்து வைக்கிற ஒருத்தி இப்படி ஒருத்தியாகப் போனதற்கு என்னை மன்னி. பீரோவில் இருப்பதில் ஒன்று கொடு என்று கேட்க எனக்கு வாயில்லை. எழுதியது யார் பார், வாயில்லையாம்.

புத்தகத்தில் பிழைதிருத்தச் சீட்டு ஒட்டலாம். அச்சகக்காரர் அடித்துக் கொடுத்துவிட்டார், ஆயிரமும் பையில் இருக்கின்றன. இரண்டே வரி:

பக்கம் 103: "யாரோ ஒருத்தி" என்பதை "நான்" என்று திருத்திப் படிக்கவும்.
பக்கம் 106: "முப்பத்தொன்றும்" என்பதை "முப்பதும்" என்று திருத்திப் படிக்கவும்.

முப்பது வருஷமாக எழுதுகிறேன், இவ்வளவு யோசித்து எதையும் எழுதியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை முதல் வரிசையில் என் பக்கத்து நாற்காலியில் கைப்பை இருக்கும். நீ வந்தால் எடுத்துவிடுவேன்.

வாயாடி

பி.கு. அட்டையைத் துணியிலிருந்து பிரித்தபோது என் முகம் பாதி அதிலேயே நின்றுவிட்டது. மூக்குக்குக் கீழே இல்லாத ஆளை அனுப்பட்டுமா?

&nbsp;

ஜூன் 17

வாயாடிக்கு,

புத்தகம் தயார். காலையில் வண்டியில் ஏற்றியாயிற்று. தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது. அட்டை இல்லாமல் நின்ற ஒன்றுக்கு வேறு அட்டை போட்டு நானே வைத்துக்கொண்டேன். நீலம்தான். உன் பாதி மூஞ்சி வேண்டாம்.

நோட்டு வந்து சேர்ந்தது. முதலில் உன் மேல் கோபம்தான் வந்தது. ரெட்டைப் பின்னலை இத்தனை வருஷம் வீட்டில் வைத்திருந்துவிட்டு, திடீரென்று எழுந்து போ என்று சொன்ன மாதிரி இருந்தது. ஒருநாள் முழுக்க அவளுக்காக வருத்தப்பட்டேன். பாவம், தான் இத்தனை நல்லவளாக இருந்ததே அவளுக்குத் தெரியாது.

ராத்திரி சாப்பிட்டுவிட்டுப் பிரித்துப் பார்த்தேன். பதினொரு வயசுக் கைக்குத் தையல் பரவாயில்லை. ஜோக்குகளையும் படித்தேன். கணக்கு வாத்தியார் கண்ணாடியைத் தேடிய ஜோக்குக்குப் பெருக்கல் குறி போட்டிருக்கிறாய். நான் சிரித்தேன். அந்தக் கூட்டத்துக்கு ஒன்றும் தெரியாது. பென்சிலால் டிக் போட்டிருக்கிறேன், பார்த்துக்கொள். நோட்டை உனக்கே திருப்பி அனுப்புகிறேன். கொடுத்ததை நான் திரும்ப வாங்குவதில்லை. ஒருதரம் வாங்கினேன், போதும்.

ஞாயிறு எங்கள் கடைக்கு லீவு. இதற்கு மேல் என்னைக் கேட்காதே. சின்னக் கைப்பையாக எடுத்து வா.

உன் சீட்டில் இரண்டாவது வரியை ஒட்டிவிட்டோம். முதல் வரியை ஆயிரத்திலும் வெட்டி எடுத்துவிட்டேன். தையல் பெண்கள் ஏன் என்று கேட்டார்கள். தப்பு இருப்பதை நாங்கள் ஒட்டுவதில்லை என்றேன்.

நோட்டின் முதல் பக்கத்தில் "பசை" என்று எழுதி, பக்கத்தில் "நானே சொந்தமாக யோசித்தது" என்று இரண்டு கோடு போட்டிருக்கிறாய். நீ யோசித்தது இல்லைடி அது. சின்னதில் அப்பா காலை விடாமல் கட்டிக்கொண்டே கடையெல்லாம் சுற்றுவேனாம், அதனால் அவர் எனக்கு வைத்த பெயர். நாலாம் வகுப்பில், மழைக்கு சைக்கிள் ஷெட்டில் ஒதுங்கி நின்றபோது உன் காதில் சொன்னேன். உன் ஒருத்தியிடம்தான் சொன்னேன்.